சூளைத் தெருவின் பதினோரு கட்டங்கள்

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கக்கா. ஒரு ப்ராஜெக்டை ரெண்டு பேரு சேந்து பண்றோம். அட்டையில யாரு பேரு மொதல்ல வரணும்? கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து கண்ணு வீங்கினவன் பேரா, வெயில்ல அலைஞ்சு அளந்தவ பேரா? சரி, ரெண்டும் சமம்னே வச்சுக்குவோம். அப்பக்கூட எழுத்து வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல? என் பேரு அம்பலவாணன். அவ பேரு தையல்நாயகி. ஒண்ணாங்கிளாஸ் புள்ளையக் கேட்டாக்கூட எது முன்ன வரும்னு சொல்லிடும். நான் அவ பேரைத்தான் மொதல்ல போட்டேன். தங்க எழுத்துல. மடியில என்ன புத்தகம்னு கேட்டீங்களே, இதுதான். தடவிப் பாருங்க, எழுத்து கையில தட்டுப்படும்.

இப்ப அந்தப் பேரை எடுத்துடுங்கன்னு டிபார்ட்மெண்டுக்கு லெட்டர் போட்டிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வில்வநாதன் சார், அவர்தான் எங்களுக்கு கைடு, போன் பண்ணி, "என்னப்பா, உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?"ன்னாரு. எனக்கு எப்படி இருக்கும்? "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்"னேன். தெரியாதுன்னு சொன்னது வந்து... அதை விடுங்க. மொதல்லேருந்து சொல்றேன். நீங்க எறங்க இன்னும் நேரம் இருக்குல்ல?

நாங்க படிச்சது புவியியலும் சுற்றுச்சூழல் கணிதமும். ஆமாக்கா, ரெண்டும் சேந்து ஒரே டிகிரி. காலையில மேப்பு, மத்தியானம் கணக்கு. எங்க வீட்டுல மூணு வருஷமும் ஒருத்தருக்கும் புரியல. எங்க சித்தப்பா ஒரு கல்யாண வீட்டுல, "தம்பி பூமியைப் பத்திப் படிக்குது, போர் போட எடம் பாத்துச் சொல்லும்"னு ரெண்டு பேரைக் கூட்டியாந்து விட்டுட்டாரு. சொல்லி மாளாது. மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும், எங்க தேங்கும், எத்தனை நாள் நிக்கும்னு கணக்குப் போட்டு மேப்புல காட்டணும். அவ்வளவுதான் படிப்பு.

கடைசி வருஷம் ரெண்டு ரெண்டு பேரா ப்ராஜெக்ட். எனக்கும் தையலுக்கும் ஜோடி விழுந்துச்சு. அப்படிச் சிரிக்காதீங்க, சீட்டுக் குலுக்கிப் போட்டதுதான். அவ, "எங்க ஊரையே எடுத்துக்குவோம் வாணா. கொன்றையூர்ல வருஷா வருஷம் தண்ணி வருது. எங்க வீட்டுலயே சாப்பாடு"ன்னா. சரின்னேன். சாப்பாட்டுக்காக இல்ல. சரி, சாப்பாட்டுக்காகவும்தான். அவங்கம்மா வைக்கிற நெத்திலிக் கொழம்புக்கு நான் எந்த ஊரை வேணும்னாலும் ஆராய்ச்சி பண்ணுவேன்.

அவங்க வீடு சூளைத் தெருவுல. ரொம்ப காலத்துக்கு முன்னாடி அங்க செங்கல் சூளை இருந்திருக்கு. சூளைக்காரங்க மண்ணை வெட்டி வெட்டி எடுத்துட்டு, ஒருநாள் மூடிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் சனங்க வந்து வீடு கட்டிக்கிட்டாங்க. கண்ணால பாத்தா பள்ளம்னு தெரியாது. மெயின் ரோட்டுலேருந்து சைக்கிள்ல போனீங்கன்னா தெரியும். மிதிக்கவே வேணாம், வண்டி தானாப் போயி அவங்க வீட்டு வாசல்ல நிக்கும். திரும்பி வர்றப்பதான் தள்ளிகிட்டு வரணும். ரெண்டு மீட்டர் பள்ளம். ஆறரை அடி.

இதை மொதல்ல சொன்னது நாங்க இல்ல, அவங்கப்பா. கலியமூர்த்தின்னு பேரு. டைல்ஸ் ஒட்டுறவரு. ரசமட்டம் இல்லாம வெளிய கெளம்ப மாட்டாரு. எங்க வீட்டுக்கு ஒருதடவை வந்தப்பக்கூட, எங்கப்பா ஆசையாக் கட்டின ஹால்ல ரசமட்டத்தை வச்சுப் பாத்துட்டு, "தெக்கால ஓட்டமா இருக்கே சார்"னு சொல்லிட்டாரு. எங்கப்பா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அப்படி ஒரு மனுசன். நாங்க மட்டம் பாக்குற மெஷின் வச்சுத் தெருவை அளந்தப்ப, பொண்ணுக்கு அளவுகோலைப் புடிச்சுகிட்டு நின்னது அவர்தான். வேலையை விட்டுட்டு ஒம்பது நாள் நின்னாரு. கோல் ஒரு நூல் சாயாது. "நீ சொல்லும்மா, எங்க நிக்கணும்?"னு கேட்டுகிட்டே இருப்பாரு. பெத்த பொண்ணுகிட்ட எவன்க்கா அவ்வளவு பணிவா நிப்பான்?

இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க, ஏன்னா நாளைக்கு யாராவது என்மேல தப்புன்னு சொன்னா நீங்களே பதில் சொல்லலாம். சாட்டிலைட் மேலேருந்து பாத்து, பூமியை முப்பது மீட்டர் கட்டம் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு உயரம் குடுக்கும். மேட்டுக் கட்டத்துலேருந்து பள்ளக் கட்டத்துக்குத் தண்ணி போகும். கம்ப்யூட்டர் அப்படியே நகத்தி நகத்திக் கடலுக்குக் கொண்டு போயிடும். நடுவுல சுத்திலும் மேடா இருந்து, ஒரு எடம் மட்டும் பள்ளமா இருந்துச்சுன்னா, தண்ணி அங்கயே நின்னுடும். கணக்கும் நின்னுடும். அதனால மொத வேலையே பள்ளத்தை ரொப்புறதுதான். நெசமா மண்ணு போட்டு இல்லக்கா, நம்பர்ல. ஒரு பட்டன் இருக்கு, அமுக்கினா ஊர்ல உள்ள பள்ளம் பூரா சமமாயிடும். இது நான் கண்டுபிடிச்சது இல்ல. எல்லா நாட்டுலயும் அப்படித்தான் பண்றாங்க. ஏன்னா அந்தப் பள்ளத்துல பாதி, சாட்டிலைட் தப்பாப் பாத்தது. மரம், நெழலு, ஏதோ ஒண்ணு.

சூளைத் தெரு சாட்டிலைட் தப்பாப் பாத்தது இல்ல.

தையல் அப்பவே சொன்னா. "வாணா, மத்த பள்ளத்தை எல்லாம் ரொப்பிக்க. எங்க தெரு இருக்குற இந்தப் பதினோரு கட்டத்தை மட்டும் தொடாத"ன்னு சொன்னா. அந்தப் பதினோரு கட்டத்துக்கும் தனியா ஒரு சமன்பாடு எழுதிக் குடுத்தா. உள்ள வர்ற தண்ணி எவ்வளவு, மதகு வழியா வெளிய போறது எவ்வளவு, மண்ணு குடிக்கிறது எவ்வளவு, மிச்சம் எத்தனை அடி நிக்கும்னு. பென்சில்ல, தெருவை அளந்த ரீடிங் எல்லாம் எழுதின அதே நீள நோட்டுல. எழுத்து முத்து முத்தா இருக்கும்.

எழுதிட்டா சரி, ஓட்டுறது யாரு? நான்தானே. பள்ளத்தை வச்சுகிட்டு ஓட்டினா ப்ரோக்ராம் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆடுது. தண்ணி மேட்டைப் பாத்து ஏறுது. ஒருதடவை, கொன்றையூர்ல நாப்பதாயிரம் மீட்டர் தண்ணி நிக்குதுன்னு காட்டுச்சு. சிரிப்பு வந்துச்சு, அப்புறம் அழுகை வந்துச்சு. வைவாவுக்கு நாலு நாள்தான் இருக்கு. அந்த நேரம் பாத்து இவளுக்கு டைஃபாய்டு. ஊர்ல படுத்துக் கெடக்கா. போன் பண்ணி, "சேத்துட்டியா வாணா?"ன்னு கேக்குறா. கொரலே வரல அவளுக்கு. காய்ச்சல்ல கெடக்குறவகிட்ட இல்லன்னு எப்படிக்கா சொல்றது?

"சேத்துட்டேன், நீ படு"ன்னேன்.

சொல்லிட்டுத்தான் பட்டனை அமுக்கினேன். பள்ளம் ரொம்பிருச்சு. ஏழு நிமிசத்துல மேப்பு வந்துச்சு பாருங்க, அவ்வளவு அழகு. தண்ணி வர்ற எடம் நீலம், வராத எடம் மஞ்சள். ஒரு பிசிறு இல்ல. பைண்டிங் கடையில, பேரு எப்படிப் போடணும்னு கேட்டான். தையல்நாயகின்னு மொதல்ல போடுங்கன்னேன். ஒரு மரியாதைதான். வேற எதுக்காகவும் இல்ல.

வைவா அன்னைக்கு அவ ஒடம்பு பாதியாப் போயி வந்தா. மேப்பைப் பாத்துட்டு, "எங்க தெரு மஞ்சளா இருக்கே?"ன்னா. "உன் சமன்பாட்டைப் போட்டதும் அப்படித்தான் வருது. மதகு வழியா வடிஞ்சுடுது தையல்"னேன். அவ என்னையும் மேப்பையும் மாறி மாறிப் பாத்தா. சண்டை போடுவான்னு நெனச்சேன். கண்ணு நெறைஞ்சிருச்சுக்கா அவளுக்கு. "நான் தண்ணி நிக்கும்னுல்ல பயந்துகிட்டே இருந்தேன்"னா. அங்க நின்னுகிட்டே அவங்கப்பாவுக்குப் போன் போட்டு, "அப்பா, நம்ம தெருவுக்கு ஒண்ணும் ஆவாதுப்பா"ன்னா. அந்தப் பக்கம் அவரு என்ன சொன்னாரோ, இவ சிரிச்சா பாருங்க, அப்படி ஒரு சிரிப்பை நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. அதைப் பாத்துகிட்டே எப்படி வாயைத் தொறப்பேன்? அப்புறமா நிதானமாச் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு மார்க்கு. அந்த மேப்பைக் காட்டித்தான் எனக்கு வேலையே கெடைச்சுது. ஊர் ஊரா வெள்ள மேப்பு போட்டுக் குடுக்குற கம்பெனி. இப்பவும் அதே பட்டன்தான். விரல் கொஞ்ச நேரம் நிக்கும், அப்புறம் அமுக்கிடும்.

அவங்கப்பா புத்தகத்தை ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்து பைண்டு போட்டு சாமி மாடத்துல வச்சிருந்தாரு. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனா பொண்ணு பேரு எந்த எழுத்துல ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு தெரியும். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் விரலை வச்சுக் காட்டுவாரு. எனக்கும் காட்டினாரு, நான்தான் போட்டேன்னு தெரியாத மாதிரி. "மொதல்ல எம்பொண்ணு பேரு. அப்புறம்தான் தம்பி நீ"ன்னு சிரிச்சாரு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. சத்தியமாச் சந்தோசமா இருந்துச்சுக்கா.

அந்தக் கார்த்திகைதான் பெரிய மழை. ஊரை ஒட்டிப் போற பெரிய வாய்க்கால் கரை எந்நேரமும் ஒடையலாம்னு காலையிலேயே ஆட்டோவுல மைக் கட்டிகிட்டு வந்துட்டாங்க. சூளைத் தெரு சனம் மொத்தமும் ஸ்கூலுக்குப் போயிடுங்கன்னு. அவங்கம்மா ஆட்டுக்குட்டியைப் புடிச்சுகிட்டுப் போயிட்டாங்க. இவரு போகல. டைல்ஸ் வெட்டுற மெஷின், சிமெண்டு மூட்டை, எல்லாம் வீட்டுல இருக்கு. கூப்புட வந்தவங்ககிட்ட புத்தகத்தை எடுத்துக் காட்டியிருக்காரு. "இதோ பாருங்க, நம்ம தெரு மஞ்சள். எம்பொண்ணு யுனிவர்சிட்டியில போட்ட கணக்கு"ன்னு. அவருக்கே தெரியும்க்கா அது பள்ளம்னு. ரசமட்டம் வச்சு அளந்த மனுசன். கையில இருந்த மட்டத்தை விட்டுட்டு அந்த மஞ்சளை நம்புனாரு.

அப்பவும் ஒரு சந்தேகம் வந்திருக்கு. பொண்ணுக்குப் போன் பண்ணியிருக்காரு. அவ அப்ப மெட்ராஸ்ல வேலையில இருக்கா. "போயிடட்டாம்மா?"ன்னு கேட்டிருக்காரு. கேட்டாருக்கா. அவ, "வரும்ப்பா, முட்டி வரைக்கும் வரும், வடிஞ்சுடும். நீங்க மழையில நனைஞ்சு காய்ச்சலை இழுத்துக்காதீங்க"ன்னு சொல்லியிருக்கா. என் மேப்பை நம்பி... எங்க மேப்பை நம்பிச் சொல்லியிருக்கா.

மத்தியானம் மூணு மணிக்குக் கரை ஒடைஞ்சுது. ஆறரை அடி தண்ணி. அவரு அஞ்சரை அடி ஆளு.

இல்லக்கா, தண்ணி குடிச்சுட்டேன். பரவால்ல. சொல்லி முடிச்சுடுறேன்.

கருமாதி அன்னைக்குப் போனேன். அவங்கம்மா என் கையைப் புடிச்சுகிட்டு, "அவளை ஏதும் சொல்லிடாதப்பா. கணக்குல தப்பு வர்றது சகஜம்னு நீயாவது எடுத்துச் சொல்லு. நீதான் அவளுக்குத் தொணை"ன்னாங்க. நான் தலையை ஆட்டினேன். வேற என்ன பண்றது, அத்தனை பேரு நடுவுல? தையல் என்கிட்ட அழல. உள்ள போயி அந்த நீள நோட்டை எடுத்துட்டு வந்து என் மடியில வச்சா. "ரீடிங்கை நான் எட்டு தடவை பாத்துட்டேன் வாணா, எனக்குப் புடிபடல. சமன்பாட்டை மறுபடி போட எனக்குத் தெம்பு இல்ல. நீதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தினவன். எந்த ரீடிங்கை நான் தப்பா எழுதினேன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு. அது தெரிஞ்சாப் போதும். எங்கப்பா கோலை நேராத்தான் புடிச்சாரு. தப்பு எங்கிட்டதான் இருக்கு"ன்னா.

வேலையை விட்டுட்டா. ஊரோட வந்துட்டா. போன் பண்ணா வேற பேச்சே கெடையாது, "கெடைச்சுதா?"ன்னுதான் கேக்குறா. எப்படி இருக்க வாணான்னு ஒரு வார்த்தை கேக்குறதில்ல. நானும் மனுசன்தானே? நானும் தூங்கல, எனக்கும் சோறு எறங்கல. அதைக் கேக்க யாரு இருக்கா?

இருநூத்திப் பன்னெண்டு ரீடிங். ஒவ்வொண்ணாப் பாத்தேன். தப்பே இல்ல. ஒரு கூட்டல் தப்பு இல்ல, ஒரு புள்ளி தப்பு இல்ல. அந்தச் சமன்பாட்டையும் கையாலயே போட்டுப் பாத்தேன், அவ எழுதின மாதிரியே. வாய்க்கால் ஒடைஞ்சா சூளைத் தெருவுல எத்தனை அடி நிக்கும்னு வருது தெரியுமா? ஆறு அடி நாலு அங்குலம். காய்ச்சல் மட்டும் வராம இருந்தா அவளே அதைப் போட்டிருப்பா.

தப்புதானே கேட்டா, குடுத்துட்டா என்னன்னு தோணிருச்சு. அவளுக்கு அதுதானே நிம்மதி? நேத்து மத்தியானம் அதே மாதிரி பென்சில் ஒண்ணு வாங்கினேன். மெஷினை ஒரு எடத்துலேருந்து தூக்கி இன்னொரு எடத்துல வைக்கிறப்ப எடுக்குற ரீடிங் ஒண்ணு இருக்கு. அது தப்பாச்சுன்னா அதுக்கப்புறம் வர்ற எல்லாமே தப்பு. நாப்பத்தி மூணாம் பக்கத்துல ஒண்ணு புள்ளி மூணு எட்டு ஆறுன்னு இருந்துச்சு. அந்த ஒண்ணை அழிச்சுட்டு மூணு போட்டேன். ரெண்டு மீட்டர். தெரு எவ்வளவு பள்ளமோ அவ்வளவும் ஒரே எழுத்துல ரொம்பிருச்சு. அவளுக்குப் போன் பண்ணி, "கெடைச்சுருச்சு, நேர்ல வந்து காட்டுறேன்"னேன். அவ, "ரொம்ப தேங்க்ஸ் வாணா, நீ இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்"னா.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க?

பஸ் ஏறி ஒக்காந்தப்புறம்தான் எனக்கு ஒறைச்சுது. மட்டம் பாக்குறவங்க ஆரம்பிச்ச அடையாளக் கல்லுலயே திரும்பி வந்து முடிப்பாங்க. ரெண்டும் ஒத்துப் போனா அளவு சரி. இவ முடிச்சது ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசத்துல. கடைசிப் பக்கத்துல கோடு போட்டு எழுதியிருக்கா, பக்கத்துல அவங்கப்பா கையெழுத்துகூட வாங்கியிருக்கா வெளையாட்டுக்கு. நான் ஒரு எழுத்தை மாத்தினா அந்தக் கணக்கு ஒத்துப் போகாது. அரை நிமிசம் போதும் அவளுக்கு. தப்பு தன்னோடது இல்லன்னு புரிஞ்சுடும். அதுக்கப்புறம் அந்த மூணு யாரு கையெழுத்துன்னு பாப்பா.

சொல்லிடலாம்க்கா. நெசத்தைச் சொல்லிடலாம். "உன் கணக்கு சரி. நான்தான் பட்டனை அமுக்கினேன். உங்கப்பாவைக் கொன்னது நான்தான்"னு சொல்லிடலாம். அஞ்சு நிமிசம்தான். இதுக்கு முன்னாடி மூணு தடவை இதே பஸ்ல வந்திருக்கேன், சொல்லணும்னுதான் வந்தேன். ஒருதடவை பூ, பழமெல்லாம்கூட வாங்கிட்டு வந்தேன், பாருங்களேன் என் புத்தியை. எனக்கு அவளைப் புடிக்கும்க்கா. அதையும் சொன்னதில்ல. இதைச் சொல்லாம அதை எப்படிச் சொல்றது, இதைச் சொன்னப்புறம் அதை எப்படிச் சொல்றது?

என்ன, கொன்றையூர் வந்துருச்சா? அதுக்குள்ளயா?

அதோ நிக்கிறா பாருங்க, நெழக்கொடைக்குப் பக்கத்துல. கருப்பு சுடிதார். ஸ்டாப்புக்கே வந்துட்டா. எவ்வளவு நேரமா நிக்கிறாளோ. எப்படி எளைச்சுப் போயிட்டா.

இல்லக்கா, நான் எறங்கல. நீங்க ஜன்னலோரமே இருங்க. கொஞ்சம் இப்படி முன்னாடி சாஞ்சு ஒக்காருங்க. முந்தானையை அப்படியே ஜன்னல் பக்கமா இழுத்து விட்டுக்குங்க. ஒரு நிமிசம்தான், கண்டக்டர் விசில் குடுத்துடுவாரு. ஜன்னல் ஜன்னலாப் பாத்துகிட்டு வர்றா.